எச்சரிக்கும் நாவுகள் அடங்கிப்போனால்...



சென்ற மாதம் உறவினர் வீட்டுத் திருமணத்திற்காகத் திருச்சி செல்ல வேண்டியிருந்தது. பெண்ணாடம் ரயில் நிலையத்தில் வந்து அமர்ந்தால், வண்டி முக்கால் மணி நேரம் தாமதம் என்றார்கள். பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் சலித்துக்கொண்டார்.

"எமர்ஜென்சியிலே இப்படியா இருந்தது தம்பி? வண்டி சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. ஆபீஸில் ஆள் இருந்தார்கள். இந்த நாட்டுக்குச் சர்வாதிகாரிதான் சரி!"

பெரியவர் சொன்னது எனக்குப் புதிதன்று; பலமுறை பல வாய்களிலிருந்து கேட்ட சொல்தான். என்னை வருத்தியது வேறொன்று. எதிரே நின்றிருந்த கல்லூரி இளைஞர் இருவர், "சரியாகச் சொன்னீர்கள் ஐயா" என்று தலையசைத்தனர். 1975இல் அவர்களுடைய தந்தையர்கூடச் சிறுவர்களாக இருந்திருப்பார்கள். பார்க்காத ஒரு காலத்தின்மீது இவர்களுக்கு ஏன் இந்த ஆசை? வண்டி வந்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. இம்மாதம் அதைப் பற்றியே உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

சூளைக்கு முன் நின்ற மாமா

நம் பக்கத்து ஊரான விருத்தாசலம், பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. பொம்மைகளும் அகல் விளக்குகளும் வீட்டு மின் பலகைகளில் மாட்டும் ஃபியூஸ் கட்டைகளும் அங்கே வார்க்கப்பட்டும் அழுத்தப்பட்டும் சூளையில் சுடப்பட்டும் வெளியூர்களுக்குப் போகின்றன. பீங்கான் தொழில்நுட்பத்திற்கென்றே ஓர் அரசுப் பயிற்சி நிலையமும் அங்குண்டு.

என் தாய்மாமா அங்கே ஒரு பட்டறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சூளை பார்த்தவர். பட்டறையின் பெயரும் முதலாளியின் பெயரும் இங்கே வேண்டாம். முதலாளி கெட்டவர் அல்லர்; உழைப்பாளி. ஆனால், தம் சொல்லுக்கு மறுசொல் வருவதை மட்டும் அவரால் பொறுக்க முடியாது. ஒருமுறை அவர் சொன்ன கணக்கைத் தொழிலாளி ஒருவர் எல்லார் முன்னிலையிலும் திருத்திவிட்டார். மறுநாள் முதல் அந்தத் தொழிலாளிக்கு வேலை இல்லை.

அடுத்த மாதம் ஐப்பசி அடைமழை. அச்சில் அழுத்தி எடுத்த ஃபியூஸ் கட்டைகள் கொட்டகை நிறைய அடுக்கிக் கிடந்தன. வெளியே வெளுத்து, உலர்ந்தவை போல் தோன்றினாலும் உள்ளே ஈரம் இருந்தது. ஈரமுள்ள மண்ணைச் சூளையில் வைத்து விரைவாகச் சூடேற்றினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றி, கட்டையைப் பிளந்துவிடும். தொழிலில் இது பாலபாடம். சென்னை வியாபாரிக்குத் தவணை நெருங்கிவிட்டது என்று முதலாளி, "இன்றைக்கே சூளையை ஏற்று" என்று கட்டளையிட்டார். மாமா ஒரு கட்டையை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். ஈரம் தெரிந்தது. பேசாமல் கீழே வைத்துவிட்டுச் சூளையை ஏற்றினார்.

சூளை ஆறிய பின் திறந்து பார்த்தால் பெரும்பகுதி விரிசல். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷமாகச் சூளையில் நிற்கிறீர்களே பாய், உங்களுக்குமா தெரியவில்லை? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். மாமா சொன்ன பதில்: "சொல்கிறவனைத்தான் போன மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்களே முதலாளி."

மாமா இதைச் சொல்லிவிட்டு எப்போதும் ஒன்றைச் சேர்த்துச் சொல்வார்: "அவர்மேல் மட்டும் குற்றம் இல்லை மாப்பிள்ளை. நானும் ஊமையாகிவிட்டேன். அந்தக் கட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது."

அச்சம் ஒரு பட்டறையில் செய்த வேலை இது. ஒரு நாட்டில் அது என்ன செய்யும்?

கட்டப்பட்ட கழிகள்

'பாசிசம்' என்ற சொல் இத்தாலியிலிருந்து வந்தது. பண்டைய ரோமில் அதிகாரிகளுக்கு முன்னால் ஏந்திச் செல்லப்பட்ட, கோடரியுடன் சேர்த்துக் கட்டிய கழிக்கட்டுதான் அதன் சின்னம். 'தனிக்கழி ஒடியும், கட்டிய கழி ஒடியாது' என்ற கருத்து கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. கட்டுகின்ற கை யாருடையது, நடுவில் கோடரி எதற்கு என்று கேட்கத் தொடங்கும்போதுதான் சிக்கல்.

1922 அக்டோபரில் ஆட்சிக்கு வந்த முசோலினி முதலில் கைவைத்த இடங்களில் ஒன்று தொழிற்சாலை. 1925இல் பாசிசத் தொழிற்சங்கங்களைத் தவிர மற்றவற்றுடன் பேசுவதில்லை என்று முதலாளிகளுடன் உடன்பாடு ஏற்பட்டது. தொழிலாளர் தாமே தேர்ந்தெடுத்த ஆலைக் குழுக்கள் ஒழிந்தன. 1926 ஏப்ரலில் வேலைநிறுத்தம் சட்டப்படி குற்றமாயிற்று. 1931இல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்றார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேராசிரியர்களில் மறுத்தவர்கள் ஏறத்தாழ ஒரு டஜன் பேர்தாம். படித்தவர்களின் கதை இது!

உள்நாட்டில் வாய்களை அடைத்த அந்த ஆட்சி லிபியாவில் என்ன செய்தது என்பதை நம் இல்லங்கள் பல அறியும். ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் தம் மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டு முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். குர்ஆன் ஆசிரியராக இருந்து, இருபது ஆண்டுகள் எதிர்த்துப் போராடிய முதியவர் உமர் முக்தார் 1931 செப்டம்பர் 16 அன்று, அடைபட்டிருந்த மக்களின் கண்ணெதிரே தூக்கிலிடப்பட்டார்.

ஜெர்மனியில் இன்னும் வேகம். 1933 மே முதல் நாளைச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை ஆக்கித் தொழிலாளரை மகிழ்வித்தார் ஹிட்லர். மறுநாள், மே 2 அன்று, தொழிற்சங்க அலுவலகங்கள் அனைத்தும் கைப்பற்றப்பட்டுத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். 1934 ஜனவரியில் வந்த தொழிலாளர் சட்டம், ஒவ்வொரு ஆலையிலும் முதலாளியை 'தலைவர்' என்றும் தொழிலாளரை 'பின்பற்றுவோர்' என்றும் பெயரிட்டது. நாட்டில் ஒரு ஹிட்லர் போதாதென்று, ஆலைதோறும் ஒரு குட்டி ஹிட்லரைச் சட்டமே அமர்த்திவிட்டது. மையத்தில் குவியும் அதிகாரம் மையத்திலேயே நின்றுவிடுவதில்லை. மேலிருப்பவரைப் பார்த்துக் கீழிருப்பவரும் அப்படியே நடக்கத் தொடங்குகிறார்.

ரயில் நேரத்துக்கு வந்தது, வேறென்ன வந்தது?

இனி நம் நாட்டுக்கு வருவோம். முசோலினியின் பெயரைச் சொல்லி, 'அவர் காலத்தில் ரயில் நேரத்துக்கு ஓடியது' என்று உலகெங்கும் ஒரு பேச்சு உண்டு. நம் பெரியவரும் அதையேதான் நினைவுகூர்ந்தார்.

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனம் கையெழுத்தானது. அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. நாட்டின் மூத்த அமைச்சர்களே செய்தியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள் என்றால் 'மையத்தில் குவிந்த அதிகாரம்' என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா? அன்றிரவே டில்லியில் நாளிதழ் அச்சகங்கள் பலவற்றிற்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அடுத்து வந்தது தணிக்கை. அந்த ஆண்டு ஜூலையில் ஆர்.எஸ்.எஸ்., ஜமாஅத்தே இஸ்லாமி உள்ளிட்ட 26 அமைப்புகள் தடை செய்யப்பட்டன. ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறுபட்டவர்கள் ஒரே சிறையில் அடைபட்டார்கள்.

பணியிடத்தில் என்ன நடந்தது? 1974 மே மாதம் ஏறத்தாழ 17 லட்சம் ரயில்வே ஊழியர்கள் நடத்திய வேலைநிறுத்தம் அதற்கு முன்பே கடுமையாக ஒடுக்கப்பட்டிருந்தது. ரயில் சந்திப்பை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த நம் பகுதியில் அந்த நாட்களின் கஷ்டம் அறிந்த முதியோர் இன்னும் இருக்கலாம். நெருக்கடி நிலையில் 'பேச்சைக் குறைப்பீர், உழைப்பைப் பெருக்குவீர்' என்ற வாசகம் ஊரெங்கும் ஒட்டப்பட்டது. பேச்சைக் குறைத்த தொழிலாளிக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? 1975 செப்டம்பரில் அவசரச் சட்டம் ஒன்றின் மூலம் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கேட்க நாதியில்லை. 1977இல் ஆட்சி மாறிய பிறகே பழைய போனஸும், நீக்கப்பட்ட ரயில்வே ஊழியர்களுக்கு வேலையும் திரும்பக் கிடைத்தன.

வடமாநிலங்களில் நடந்தது இதனினும் கொடிது. கருத்தடைக்கு ஆள் பிடித்துத் தர வேண்டும் என்று ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் எண்ணிக்கை விதிக்கப்பட்டது. எண்ணிக்கை குறைந்தால் சம்பளம் நிறுத்தப்பட்டது. மேலே இருந்தவர் கேட்டது எண்ணிக்கை. கீழே இருந்தவர் அதைக் கொடுக்க, எதிர்ப்பட்ட ஏழையைப் பிடித்தார். 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. ஹரியானாவின் மேவாத் பகுதியில் உத்தாவர் என்னும் முஸ்லிம் கிராமம் 1976 நவம்பரில் போலீசாரால் சூழப்பட்டு, ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டனர். அதே ஆண்டு ஏப்ரலில் டில்லி ஜும்ஆ மஸ்ஜிதுக்கு அருகே துருக்மான் கேட் பகுதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. எதிர்த்து நின்ற மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது.

இவற்றைப் பற்றி அன்று தமிழ்நாட்டில் நமக்கு எவ்வளவு தெரியும்? அறவே சொற்பம். 1977 தேர்தலில் வடக்கே காங்கிரஸ் வேரோடு சாய்ந்தது. பிரதமரே ரேபரேலியில் தோற்றார். தமிழ்நாட்டிலோ காங்கிரஸ் இடம்பெற்ற அணிதான் பெரும்பான்மையான இடங்களை வென்றது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. என்றாலும், வடக்கே இருந்த சகோதரனின் கண்ணீர் தணிக்கையைத் தாண்டி நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை என்பதும் ஒரு காரணமன்றோ? இப்போது தெரிகிறதா, நம் பெரியவர் ரயிலை மட்டும் ஏன் நினைவில் வைத்திருக்கிறார் என்று! அவருக்குக் காட்டப்பட்டது ரயில் மட்டுமே.

பெயர் காப்பாற்றாது

இங்கே நாம் நம்மையே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். 'நம்மவர் ஒருவர் மேலே இருந்தால் நமக்குப் பாதுகாப்பு' என்ற நம்பிக்கை நம் சமுதாயத்தில் பரவலாக உள்ளது. நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர் யார்? பக்ருத்தீன் அலீ அஹ்மத்.

சிறையில் அடைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுவின் மூலம் நீதிமன்றத்தை நாடலாமா என்ற வழக்கில், நாடலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறியிருந்தன. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்ற பெரும்பான்மையில் 'முடியாது' என்றது. தனித்து நின்று மறுத்தவர் நீதிபதி எச்.ஆர்.கன்னா. அதற்கு அவர் கொடுத்த விலை, தலைமை நீதிபதிப் பதவி. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி அப்பதவியில் அமர்த்தப்பட்டவர் அந்தப் பெரும்பான்மையில் இருந்த நீதிபதி எம்.எச்.பேக். கன்னா பதவி விலகினார்.

பெயரைப் பார்த்து மகிழ்வதா, செயலைப் பார்த்து மகிழ்வதா?

இதற்கு எதிர்ப்பக்கமும் நம்மிடையே உண்டு என்பதே ஆறுதல். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. மிசாவில் கைதானவர்கள் சென்னை மத்தியச் சிறையில் கடுமையாகத் தாக்கப்பட்டனர். சென்னையின் முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு 1977 ஜனவரியில் உயிரிழந்தார். அந்தச் சிறைக்குள் நடந்ததை விசாரித்து உண்மையை வெளிக்கொணர்ந்த ஆணையத்தின் தலைவர், நாகூரில் பிறந்த நீதிபதி மு.மு.இஸ்மாயீல். கம்பராமாயணத்தில் தோய்ந்து கம்பன் கழகத்தை வளர்த்த அதே பெருமகன்தான். பின்னர் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோது, 1981இல் அவரைக் கேரளத்துக்கு மாற்றி ஆணை வந்தது. ஏற்க மனமின்றிப் பதவியைத் துறந்து வெளியேறினார். நீதிபதிக்கும் பணியிடம் உண்டு. அங்கும் மையத்திலிருந்து ஓர் ஆணை வரும். அதற்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதில் மனிதர் தெரிவார்.

ஃபியூஸ் கம்பி செய்யும் வேலை

மாமாவின் பட்டறையில் செய்த ஃபியூஸ் கட்டையை நினைத்துப் பாருங்கள். அதில் நாம் மாட்டுவது மெல்லிய கம்பி. மின்சாரம் அளவுக்கு மிஞ்சினால், தான் உருகி அறுந்து, வீட்டைக் காப்பாற்றுகிறது. அடிக்கடி அறுந்து தொல்லை தருகிறதே என்று சில வீடுகளில் தடித்த செப்புக் கம்பியை மாட்டிவிடுவார்கள். பிறகு விளக்கு அணைவதே இல்லை. வீடு எரியும் வரை.

நீதிமன்றம், பத்திரிகை, தொழிற்சங்கம், சட்டமன்றம், மாநில அரசு, ஊர் ஜமாஅத்தில் எழுந்து கணக்குக் கேட்கும் ஒருவர் ஆகிய எல்லாமே ஃபியூஸ் கம்பிகள்தாம். இவை தொல்லை தருபவைதாம், வேலையைத் தாமதப்படுத்துபவைதாம். 'இவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் எவ்வளவு வேகமாகப் போகலாம்' என்று நினைப்பவர், தடித்த கம்பியை மாட்டச் சொல்கிறார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், அரசியலில் தனிமனிதர்மீது கொள்ளும் பக்தி சர்வாதிகாரத்துக்கு வழிகோலும் என்று எச்சரித்ததும் இதைத்தான்.

எரிந்த பிறகு நாடு சில கம்பிகளைத் திரும்ப மாட்டியது. 1978இல் வந்த 44ஆம் திருத்தம், உள்நாட்டுக் குழப்பம் என்ற காரணத்தைக் காட்டி நெருக்கடி நிலை கொண்டுவர முடியாது என்றாக்கியது. உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமையை எந்த நெருக்கடியிலும் முடக்க முடியாது என்றும் உறுதி செய்தது. மாநில அரசுகளை நினைத்தபடி கலைப்பதற்கு 1994இல் பொம்மை வழக்குத் தீர்ப்பு கடிவாளமிட்டது. 1976ஆம் ஆண்டின் தீர்ப்பை 2017இல் உச்ச நீதிமன்றமே தவறென்று தள்ளியது. பெரும்பான்மையில் இருந்த நீதிபதி ஒய்.வி.சந்திரசூட்டின் மகனும் அதைத் தவறென்று எழுதிய நீதிபதிகளில் ஒருவர்!

அண்மை எடுத்துக்காட்டும் உண்டு. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளுமே எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். மெல்லிய கம்பி தன் வேலையைச் செய்தது. திரும்பப் பெற்ற அரசுக்கு அதனால் இழுக்கில்லை. சூளை விரிசல் விடுவதற்கு முன்பே யாரோ ஒருவர் 'கட்டையில் ஈரம் இருக்கிறது' என்று சொல்லிவிட்டார்.

நம் கடையில், நம் இல்லத்தில்

டில்லியைக் குறை சொல்வது எளிது. நம் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் யார்? நம்மில் பலர் கடை வைத்திருக்கிறோம். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, உணவகம். காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்க்கும் பெண்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021இலேயே சட்டம் செய்தது. நம் கடையில் அந்த இருக்கை இருக்கிறதா? இருந்தால், அமர்ந்தவரை மேற்பார்வையாளர் முறைக்காமல் இருக்கிறாரா? 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், பெண்கள் தமக்கு நேரும் பாலியல் தொல்லைகளை முறையிட உட்குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டின் சட்டம். வேலைக்குச் செல்லும் நம் பெண்மக்களுக்கு நாம் அதைச் சொல்லியிருக்கிறோமா?

ஜமாஅத்துகளில் கணக்கு வாசிக்கப்படுகிறதா? வாசித்த பின் எழுந்து கேள்வி கேட்கும் இளைஞரை, 'நேற்றுப் பிறந்தவன்' என்று உட்கார வைக்கிறோமா, பதில் சொல்கிறோமா?

இல்லத்தில் அத்தா எடுத்த முடிவைப் பற்றி மகள் ஒரு கருத்துச் சொன்னால் அது எதிர்த்துப் பேசுவதாகிவிடுகிறதா? 'வீட்டில் என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது' என்று பெருமைப்படும் தந்தை, மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையிடம் ஒரு குறை இருப்பதைத் தாயும் மகனும் அறிந்திருந்தும் சொல்லாமல் விட்ட பின்பு, 'ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை?' என்று அழுவதை நாம் கண்டதில்லையா? விருத்தாசலத்துச் சூளை நம் கூடத்திலும் இருக்கிறது.

கலந்தாலோசனை நம் மார்க்கத்துக்கு அந்நியமன்று. குர்ஆனின் ஓர் அத்தியாயத்துக்கே 'அஷ்ஷூரா' என்று பெயர். முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) பொறுப்பேற்ற அன்றே மக்களை நோக்கி, தாம் தவறினால் தம்மைத் திருத்துமாறு கேட்டுக்கொண்டார். திருத்துவோரை அதிகாரத்துக்கு வரும் முதல் நாளிலேயே தேடிக்கொண்டார் அந்தத் தலைவர்.

ரயில் நிலையத்தில் அந்தப் பெரியவரிடம் நான் வாதம் செய்யவில்லை. மாமாவின் சூளைக் கதையை மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த இளைஞர்களில் ஒருவர், "எங்கள் கம்பெனியிலும் இப்படித்தான் சார்" என்றார். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. வண்டி வரும் ஓசை கேட்டதும் எழுந்தவர், "தாமதமாக வந்தாலும் வந்துவிடுகிறது, ஏன் தாமதம் என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் சண்டையும் போடலாம்" என்று சிரித்தார்.

ஆம், அந்தச் சண்டை போடும் உரிமைதான் நம் சொத்து. அதை நாட்டில் காப்போம். நம் கடையில் வேலை செய்பவருக்கும், நம் வீட்டுக் குழந்தைக்கும் மனமுவந்து கொடுப்போம்.